மலாயிலும் ராகிதான்

மார்ச் பதினான்காம் தேதி, வெள்ளிக்கிழமை, காலை பத்து மணி. ஆயர் ஈத்தாமில் தேவி அக்காவின் சமையற்கூடத்தில் அவித்த சோயா ஆறிக்கொண்டிருந்தது. இலக்கிய வகுப்பு இல்லாத நாள்களில் நான் அங்கே பொட்டலம் கட்டுகிறேன். சோயாவில் வெள்ளைப் பூஞ்சையைப் படரவிட்டுக் கட்டியாக்கும் தெம்பே, அக்காவின் புதிய தொழில். ஞாயிறன்று ஒரு கேன்டீனுக்கு முதல் ஆர்டர் போக வேண்டும். தவறினால் வேறு ஆளிடம் எடுப்பார்கள். பூஞ்சை படர இரண்டு நாள் தேவை. அன்றே விதைத்தாக வேண்டும்.

பூஞ்சையின் வித்துத் தூளை வாங்கப் போன அக்காவின் கணவர் மணியம் அண்ணன், பழுப்பு மாவுப் பொட்டலத்தோடு திரும்பினார்.

"என்னாங்க இது?"

"ராகி வாங்கியாரச் சொன்னே. ராகிதான்லா!"

"இது கூழு காச்சற ராகி! கோயிலுக்கா ஊத்தப் போறோம்? நான் கேட்டது தெம்பே ராகி!"

"அப்ப மலாய்ல சொல்லியிருக்கணும்."

"மலாய்லயும் ராகிதான்லா!"

அந்த வித்துத் தூளுக்கு மலாயில் ராகி என்றே பெயர். அண்ணன் சிரித்தார், அக்கா சிரிக்கவில்லை. காலைச் சந்தையான பாசாரில் அதை விற்கும் மலாய்க்கார அம்மா, மாக்சிக், அதற்குள் கடை கட்டியிருப்பார். ஆத்திரத்தில் அக்கா, முந்தைய முயற்சியில் மிஞ்சிக் கறுத்துப்போன தெம்பேத் துண்டைக் குப்பைக்கு எடுத்தார்.

"அக்கா, எறியாதீங்க. அதுமேல இருக்கற கறுப்புத் தூள்தான் வித்துன்னு படிச்சிருக்கேன்."

முகர்ந்து பார்த்தோம். கெட்ட வாடை இல்லை. வேறு பூஞ்சையின் பச்சையோ சிவப்போ இல்லை. கறுத்த பகுதியைச் சுரண்டி, ஈரம் ஒற்றிய சோயாவில் வினிகரோடு பிசறி, துளையிட்ட பைகளில் நெருக்கமாக அடுக்கினோம்.

பூஞ்சை என்பது உணவு கெட்டபின் வருவது என்றே இந்த வேலைக்கு வருமுன் எண்ணியிருந்தேன். அப்படியன்று. வித்துகள் எப்போதும் காற்றில் மிதக்கின்றன. ஈரமும் கதகதப்பும் உள்ள உணவில் விழுந்தால் முளைத்து, அதைக் கரைத்து உண்கின்றன. நமக்கு உணவாவதே அவற்றுக்கும் உணவு. ரொட்டியில் அழையாமல் வந்து குடியேறுகின்றன. தெம்பேயில் குடியேற வேண்டியதை நாமே முந்தி அனுப்புகிறோம். இந்த வேலையில் நான் கற்றது அவ்வளவே.

மறுநாள் காலை கதவைத் திறந்தபோது பைகளின் உட்புறம் நீர் கோத்திருந்தது. சோயாவின் இடுக்குகளில் மெல்லிய வெண்மை. பையைத் தொட்ட அக்கா கையை இழுத்துக்கொண்டார்.

"சுடுதுடி. அடுப்பே இல்லாம சுடுது!"

நானும் உள்ளங்கையை வைத்தேன். காய்ச்சல் கண்ட நெற்றியின் சூடு. அப்படியே விட்டால், வளரும் பூஞ்சை தன் சூட்டிலேயே வெந்துவிடும். ஒவ்வொரு பையாக எடுத்து, இடையே காற்றுப் போக இடம் விட்டு, தள்ளித் தள்ளி வைத்தேன்.