என் மகளின் கைராசி

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். பதினெட்டு வருஷமாக ஊரை ஏற்றி இறக்குவதுதான் பிழைப்பு. கம்பெனியில் அவருக்குப் பட்டப்பெயர் 'தரைத்தளம்'. குரல் அவ்வளவு கீழே இருக்கும். யாராவது நடுவில் மாட்டிக்கொண்டால் மற்ற மெக்கானிக்குகள், "இதோ, ரெண்டே நிமிஷம்" என்று அளந்துவிடுவார்கள். இவர் கதவுக்கு வெளியே நின்று, "இருபது நிமிஷம் ஆகும்மா, கீழ உக்காந்துக்குங்க" என்பார். இருபது என்றால் இருபதுதான். இப்படிப்பட்ட மனிதரோடு குடித்தனம் நடத்துவது லேசுப்பட்ட காரியமில்லை. புதுத் துணி உடுத்தி எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட முடியாது.

அவர் ஏமாற்றியது ஒரே ஒரு தடவை. அதில் எனக்கும் பங்கு உண்டு.

நாலு வருஷத்தில் முதல் தடவையாக எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் மூன்று நாள் லீவு கிடைத்தது. நான் மருந்துக்கடை கவுன்ட்டரில் நிற்கிறவள். நிஜமாகவே நிற்கிறவள், சாயங்காலமானால் கால் வீங்கி, செருப்பு கழலாது. எங்கேயாவது போய் நிம்மதியாக இருந்துவிட்டு வரலாம் என்று பேச்செடுத்ததும், இரண்டு ரிசார்ட்டுகள் எங்கள் வீட்டுக்குள் வந்து சண்டை போட ஆரம்பித்தன. இரண்டும் ஒரே சாலையில் எதிரும் புதிருமாக இருப்பவை. வானவில் கோட்டையில் தலைகீழாகச் சுற்றும் ராட்டினங்கள். அலைவீட்டில் மெதுவாக ஓடும் வாய்க்கால் ஒன்று. ரப்பர் வளையத்தில் சாய்ந்துகொண்டால் அது பாட்டுக்கு இழுத்துக்கொண்டு போகும். கோட்டைக்காரர்கள் 'தூங்க வராதீர்கள்' என்று விளம்பரப் பலகை வைத்தார்கள். அலைவீட்டுக்காரர்கள் 'வாந்தியெடுக்க வராதீர்கள்' என்று பதில் பலகை வைத்தார்கள்.

பதினோரு வயது மகளுக்குக் கோட்டைதான் வேண்டும். எந்த ராட்டினத்துக்குப் பிறகு எது என்று நோட்டில் வரிசை எழுதிவிட்டாள். இவர் என்னிடம் மட்டும், ஏறி இறங்குவதற்கா லீவு போட்டேன் என்று முணுமுணுத்தார். குழந்தை ஆசைப்படுகிறாளே என்று நான் நல்லவள் மாதிரிச் சொல்லிவைத்தேன். மனசெல்லாம் அந்த வாய்க்காலில்தான் மிதந்தது.

சீட்டு எழுதிப் போடலாம் என்றார் அவர். மகள் உடனே ஒத்துக்கொண்டாள். தன் கைராசியில் அவளுக்கு அப்படி ஒரு நம்பிக்கை. வகுப்பில் ஜன்னலோர இடமே அவள் சீட்டெடுத்து வாங்கியதுதான். அவர் சர்வீஸ் தாளைக் கிழித்து, எங்களுக்கு முதுகு காட்டி நின்று எழுதி, மடித்துக் குலுக்கினார். அவள் கண்ணை மூடி எடுத்தாள். அலைவீடு.

அவள் அழவில்லை. உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். "என் கைராசி போயிடுச்சு போல" என்றாள்.

மறுநாள் துவைக்கப் போடும்போது அவர் சட்டைப்பையில் இன்னொரு சீட்டு இருந்தது. பிரித்தேன். அதிலும் அலைவீடு. எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது நிம்மதி. பொடிப்பொடியாகக் கிழித்துக் குப்பையில் போட்டேன். அன்று சாயங்காலம் அவர் காலிப் பையைத் தடவிப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் துணி மடிக்கப் போய்விட்டேன்.

பத்து நாளில் கிளம்பினோம். அதற்குள் பள்ளியில் விளையாட்டுக்கு அணி பிரித்தபோது, இவள் தன் சீட்டைத் தோழியை எடுக்கச் சொன்னாளாம். சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனி வரை வந்தது. ரூம் போட்டாகிவிட்டதே என்று விழுங்கிவிட்டேன்.

வாய்க்கால் சொன்னபடியே சுகமாகத்தான் இருந்தது. அதைச் சொல்லக் கூசுகிறது, ஆனாலும் உண்மை. அவர் வளையத்திலேயே தூங்கிப்போனார். எதிர்ப்பக்கக் கோட்டையில் ராட்டினம் கவிழும்போதெல்லாம் கூச்சல் இங்கே கேட்டது. மகள் ஈரத்தலையோடு கரையில் உட்கார்ந்து அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் சாப்பாட்டுக் கூடத்தில் குழந்தைகளுக்குக் குலுக்கல் நடந்தது. கண்ணாடி ஜாடி எங்கள் மேஜைக்கு வந்ததும் மகள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"நீ எடும்மா. என் கை வேண்டாம்."

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். ஜாடிக்காரரை அப்புறம் வரச் சொல்லிவிட்டு, லிஃப்டுக்கு வெளியே நின்று பேசுகிற அதே குரலில் சொன்னார்.

"உன் கைமேல ஒரு தப்பும் இல்லம்மா. ரெண்டு சீட்டுலயும் அப்பா இந்தப் பேரைத்தான் எழுதினேன். ரெண்டு நாள் ஏறி இறங்காம கிடக்கணும்னு ஆசை. உன்கிட்டயே கேட்டிருக்கலாம். கேக்கல."

அவள் கைகளை மெல்ல முன்னால் கொண்டுவந்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு கேட்டாள். "அம்மாவுக்குத் தெரியுமா?"

அவர் என்னைப் பார்த்தார். நான் தட்டைப் பார்த்தேன்.

"தெரியாதும்மா" என்றார்.

ஒரே தடவை ஏமாற்றினார் என்றேனே, தவறு. இது இரண்டாவது. இது எனக்காக.

நாளைக்கு எதிரே போகலாம் என்று அவர் மெதுவாகச் சொன்னார். மகள் நாற்காலியை என் பக்கமாக நகர்த்திப் போட்டுக்கொண்டாள். "நானும் அம்மாவும் போய்க்கிறோம். நீங்க தூங்குங்க."

சரிம்மா என்று அவர் ஆறிப்போன சாப்பாட்டைத் தொடர்ந்து சாப்பிட்டார். மேஜைக்கடியில் மகளின் கை என் கையைத் தேடி வந்து பிடித்துக்கொண்டது. அந்தக் கையைப் பிடித்தபடியே நான் சும்மா உட்கார்ந்திருந்தேன்.