எலைன் படிக்காமல் அழுத்திய ‘நெக்ஸ்ட்’

மாரிக்குப்பத்திலிருந்து விடியற்காலையில் பெங்களூருக்குக் கிளம்பும் ரயிலில் எங்கள் பெட்டிக்கு ஒரு வழக்கம் உண்டு. இட்லி, பேப்பர், தலைவலி மாத்திரை, பென் டிரைவ், எதுவானாலும் கை மாறிக்கொண்டே இருக்கும். எங்கிருந்து வந்தது என்று கேட்பது மரியாதைக் குறைவு. கேட்டவனை ஒரு வாரத்துக்குக் கிண்டல் செய்தே ஒழித்துவிடுவோம்.

எலைன் அந்தப் பெட்டியில் பன்னிரண்டு வருடம் நின்றுகொண்டே போய் வந்தவள். போதும் என்று வேலையை விட்டுவிட்டு மாரிக்குப்பத்துக்குப் பக்கத்திலேயே நந்திதுர்க்கில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை போட்டாள். வாய் நீளம், மனசு தங்கம் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் அப்போது அவள் வாயை மட்டும்தான் எங்களுக்குத் தெரியும். படிக்காமல் ‘நெக்ஸ்ட்’ அழுத்தி மென்பொருள் ஏற்றுகிறவர்களைக் கண்டாலே அவளுக்கு ஆகாது. “கண்ணு இன்னாத்துக்கு கீது?” என்று நாலு பேர் முன்னால் மானத்தை வாங்கிவிடுவாள்.

அப்பேர்ப்பட்டவளே ஏமாந்தாள். எங்கள் பெட்டிக்காரன் சரத் ஒரு பென் டிரைவ் கொடுத்தான். வீடியோ பார்க்க, பிடிஎஃப் திறக்க என்று இலவச மென்பொருள் எல்லாம் அதில் ஒரே மூட்டையாக இருந்தது. வெளியாள் கொடுத்திருந்தால் வரி வரியாகப் படித்திருப்பாள். நம் ரயில் பெட்டியில் வந்ததாயிற்றே! படிக்காமலே நாற்பது வீட்டு மெஷின்களில் ஏற்றிவிட்டாள். என்னுடையதும் அதில் ஒன்று.

அடுத்த மாதம், அந்த நாற்பது வீடுகளில் ஒன்றில் இருந்த நேத்ராவுக்கு வேலைக்கான ஆன்லைன் தேர்வு. பாதியில் ரம்மி விளம்பரம் ஒன்று திரையை மறைத்துத் திறந்தது. வேறு ஜன்னல் திறந்ததால் அவள் காப்பியடித்ததாக முடிவாகி, தேர்வு அங்கேயே பூட்டிக்கொண்டது. அவள் அம்மா கோவிந்தம்மா லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்து, தெருவே கூடும்படி கத்தினார்.

“ரெண்டு வருசமா படிச்சிகினு இருந்தா எம் பொண்ணு. திருடின்னு அனுப்பிட்டானுங்க!”

எலைன் லேப்டாப்பை வாங்கி மேஜையில் வைத்தாள். அதே மூட்டையை மறுபடி ஓட்டி, இந்த முறை படித்தாள். மூன்றாம் பக்கத்தில், பொடி எழுத்தில், ஏற்கெனவே டிக் அடித்த ஒரு கட்டம். அந்த டிக்கை எடுக்காததால் வீடியோ பிளேயரோடு மூன்று விளம்பர நிரல்களும் ஏறியிருந்தன.

அன்று மாலை சரத்தைக் கடைக்கு வரச் சொன்னாள். அவன் மறைக்கக்கூட இல்லை.

“இன்னாக்கா, இது ஒரு விசயமா? புரோகிராம் எழுதுனவன் சும்மா குடுக்கிறான். அத்த பரப்புற சைட்டுக்காரன் சும்மா பரப்புவானா? விளம்பரத்த ஒட்டி அனுப்புறான். மெஷினுக்கு இவ்ளோன்னு கம்பெனி காசு குடுக்குது. மூட்ட கட்டுன எனக்கும் ஒரு பங்கு. நீங்களும் சேந்துக்கோங்க, கட வாடக வந்துடும்.”

“ஜனங்க கிட்ட யாரு சம்மதம் கேட்டா?”

“நெக்ஸ்ட் அழுத்துனாலே சம்மதந்தான்.”

“அழுத்துனது நான்டா. மெஷினு அவங்களுது. போடா வெளிய!”

தேர்வு நடத்திய நிறுவனத்துக்கு அன்றே கடிதம் எழுத உட்கார்ந்தாள். பக்கத்தில் நின்ற நேத்ராவுக்கே மனசு கேட்கவில்லை.

“அக்கா, ஒரு கடைன்னு மட்டும் போடுங்க. உங்க பேரு வேணாம். ஒருத்தரும் வர மாட்டாங்க அப்பறம்.”

“பேரில்லாத கடைய எவன் நம்புவான்? தப்பு என்னுது. நீ இன்னாத்துக்குத் திருடியாவணும்?”

பெயர், போன் நம்பர், கடை முத்திரை எல்லாம் போட்டு அனுப்பினாள். அதன் நகலைத் தன் கடை ஷட்டரிலும் ஒட்டினாள். அதோடு விட்டாளா? மறுநாள் டிக்கெட் எடுத்து எங்கள் பெட்டியில் ஏறி, சரத் உட்கார்ந்திருக்கும்போதே உரக்கப் படித்தாள். யாரும் அவளைக் கிண்டல் செய்யவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

நேத்ரா சொன்னதுதான் நடந்தது. கடைப் பக்கம் ஈ காக்கை வரவில்லை. எலைன் வீடு வீடாகப் போய் மெஷின்களைச் சுத்தம் செய்தாள். சிலர் கதவைக்கூடத் திறக்கவில்லை. மறுநாளும் போய்த் தட்டினாள்.

ஒரு மாதம் கழித்து நேத்ராவுக்கு மறுதேர்வுத் தேதி வந்தது. அன்று காலை கோவிந்தம்மா மகளை நேராக எலைன் கடைக்கே அழைத்துவந்தார். எதிர்க்கடைக்காரர் கேட்டேவிட்டார்.

“மறுபடியும் இங்கியாம்மா?”

“இந்த ஊர்ல எத்தினி கட கீது? தப்பு எம்மேலன்னு எவனாவது எழுதி ஒட்டுனானா? இங்கதான் எழுதுவா எம் பொண்ணு!”

எலைன் நேத்ராவை உள்ளே உட்காரவைத்து, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வாசலில் காவலுக்கு நின்றாள். கண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை. விசாரிக்க வாய் திறந்த என் மேல் எரிந்து விழுந்தாள்.

“சத்தம் போடாத. உள்ள பரீட்ச நடக்குது.”