மருதாத்தாள் முகத்தில் விழித்தவர்

எங்கள் ஊர் முதலமடையில் எழுத்தாளர் பொன்னுரங்கத்தின் கதைகளைவிட அவர் விழுந்து அடிபட்ட கதைகளுக்குத்தான் பேர் அதிகம். விருதாகக் கிடைத்த கேடயம் காலில் விழுந்து விரல் முறிந்தது. டிவிக்காரர்களுக்குப் பேட்டி கொடுக்கும்போது கிடாய் முட்டி இடுப்பு பிசகியது. திருஷ்டி கழித்து உடைத்த பூசணிக்காயிலேயே வழுக்கி மணிக்கட்டு உடைந்தது. போனைப் பார்த்துக்கொண்டே நடக்கிற மனுஷனுக்கு வேறென்ன ஆகும்?

அந்த மகராசன் வாரப்பத்திரிகையில் என்ன எழுதினார் தெரியுமா? தன் எதிர்வீட்டு மருதாத்தாள் முகத்தில் விழித்தால் அன்றைக்கு எலும்பு மிஞ்சாதாம். பேரையும் போட்டு எழுதியிருந்தார். ஊரே சிரித்தது. எனக்கு வயிறு எரிந்தது.

மருதாத்தாளோடு மாந்தோப்பில் காய் தரம் பிரிக்கிறவள் நான். புருஷன் படுக்கையில் விழுந்தபிறகு அந்தக் கூலியில்தான் அவள் குடும்பம் ஓடுகிறது. வருஷத்தின் முதல் மாங்காயை ராசியான பெண் மடியில் ஏந்துவது எங்கள் தோப்புகளில் வழக்கம். குப்பண்ணன் தோப்பில் அது எப்போதும் மருதாத்தாள்தான்.

இந்த வருஷம் குப்பண்ணன் அவள் வாசலுக்கே வந்து நின்றார்.

"தப்பா நெனைக்காதீங்க, மருதாத்தா. இந்தவாட்டி தோப்புப் பக்கம் வர வேண்டாமுங்க. அதைப் படிச்சுப்போட்டு வியாபாரிக ஒரு மாதிரி பேசறாங்க."

மற்ற தோப்புக்காரர்களும் கூப்பிடவில்லை. அவள் பொன்னுரங்கத்திடம் போய்க் கேட்டாள். "சும்மா தமாசுங்க அம்மணி. உங்களை ஊரறிய வெச்சிருக்கறேன்" என்று சிரித்தாராம். நாக்கில் நரம்பில்லாத மனுஷன்!

முதல் காய் பறிக்கிற அன்று காலை நாங்கள் எல்லோரும் தோப்பில் இருந்தோம். தெருவில் வேலையில்லாமல் இருந்தவள் மருதாத்தாள் ஒருத்திதான். போனைப் பார்த்தபடியே வந்த பொன்னுரங்கம், அவள் வாசலில் தண்ணீர்க் குழாய்க்கு வெட்டிய குழியில் விழுந்தார். நடந்ததை அவளே பிறகு சொன்னாள்.

"அம்மணி, கை குடுங்க. காலு போச்சுங்க."

அவள் குழிக்கு முதுகைக் காட்டி நின்றாள்.

"நான் திரும்பிப் பாத்தா இன்னொரு காலும் போயிருமுங்க."

"அய்யோ, அது விளையாட்டுக்கு எழுதுனதுங்க."

"அப்ப அதை குப்பண்ணனுக்குச் சொல்லுங்க. கையிலதான் போன் இருக்குதே."

தோப்பில் போன் அடித்தது. எல்லோரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார் குப்பண்ணன். மருதாத்தாள்மேல் ஒரு குற்றமும் இல்லை, தான் எழுதியது பொய் என்று பொன்னுரங்கம் முனகியதை வியாபாரிகளும் கேட்டார்கள். அதன்பிறகுதான் அவள் அவரைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றி அனுப்பினாள்.

முதல் காயைக் கையில் வைத்துக்கொண்டு குப்பண்ணன் காத்திருந்தார். சேலையெல்லாம் சேறாக மருதாத்தாள் வந்தாள். மடியை விரிக்கவில்லை.

"ராசின்னு சொன்ன வாயிதானுங்க பீடைன்னும் சொல்லுச்சு. எனக்கு ரெண்டும் வேண்டாம். கூலிக்கு வந்திருக்கறேன், கூடையைக் குடுங்க."

குப்பண்ணன் காயைக் கீழே வைத்துவிட்டுக் கூடையை எடுத்துக் கொடுத்தார்.