ஆறடி மரம்

செவ்வந்திக்கு ஐம்பத்திரண்டு வயது. கணபதி பகுதியில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றும் வேலை. அப்பா பக்கவாதத்தில் விழுந்தபோது தம்பி ரூபனும் தங்கை அன்புக்கரசியும் படித்துக்கொண்டிருந்தார்கள். அவரைத் தூக்கி உட்கார வைக்க வீட்டில் ஒரு ஆள் வேண்டியிருந்தது. அவர் போய்ச் சேர்ந்த பிறகு அம்மாவுக்குக் கண் மங்கியது. இடையில் வந்த வரன்கள் வந்த வழியே போய்விட்டன. வீட்டோடு இரு என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை.

டிசம்பர் பிறந்தால் கிறிஸ்துமஸ் மரம் தேர்ந்தெடுப்பது அந்த வீட்டில் அம்மாவின் அதிகாரம். ரூபன் பெங்களூரிலிருந்து வந்து விறகு டிப்போவுக்கு அம்மாவைக் கூட்டிப்போவான். சவுக்குக் கிளைகளை அவன் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பிடிக்க, அம்மா தடவிப் பார்த்து, "இது நோஞ்சான், அடுத்தது எடு" என்பாள். கிளை வாசலில் நுழையாமல் முட்டிக்கொண்டு நின்றால்தான் அவளுக்குத் திருப்தி.

ஆகஸ்டில் அம்மா இறந்துபோனாள். டிசம்பர் முதல் வாரம் ரூபன் கூப்பிட்டான்.

"அக்கா, துக்க வருசம். ஸ்டாரு, மரம் ஒண்ணும் வேண்டாம். நாங்க இந்தத் தடவை மாமனார் ஊட்டுக்குப் போயிட்டு வந்துர்றோம்."

"செரி கண்ணு."

துக்கம் இந்த வீட்டுக்கு மட்டும்தான் போலும் என்று போனை வைத்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. கத்தாரில் நர்ஸாக இருக்கும் அன்புக்கரசிக்கு லீவு இல்லை என்பது முன்பே தெரிந்ததுதான்.

சனிக்கிழமை வேலை முடிந்து, போர்வை வாங்கலாமென்று காந்திபுரத்துக்கு பஸ் ஏறினாள். போர்வைக் கடைக்குப் போகிற வழியில் ஒரு ஃபேன்சி ஸ்டோர் வாசலில் பச்சை மரங்களை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். கால் தானாக நின்றது. கல்லா மேலிருந்த இரண்டடி மரத்தைத் தொட்டாள். கடைக்காரர் ஆஸிம் எழுந்து வந்தார்.

"அது கிளினிக்குல மேசை மேல வெக்கறதுங்கக்கா. ஊட்டுக்குன்னா ஆளுக்குத் தக்கன எடுக்கோணும். எத்தனை பேருங்க நீங்க?"

ஒருத்தி என்று சொல்லியிருக்கலாம். நாக்கு புரளவில்லை.

"எட்டுப் பேருங்க."

வாய் திறந்தது திறந்ததுதான். தம்பி, தம்பி பொண்டாட்டி, அவர்கள் பிள்ளைகள் இரண்டு, கத்தாரிலிருந்து தங்கச்சி, தங்கச்சி வீட்டுக்காரர் என்று அடுக்கிக்கொண்டே போனாள்.

"அப்பறம் அம்மா இருக்கறாங்க. கண்ணு செரியாத் தெரியாதுங்க. எதையும் தடவித்தான் பாப்பாங்க."

ஆஸிம் கையிலெடுத்த மரத்தைக் கீழே வைத்தார். "அப்படின்னா இது ஆகாதுங்க. பெரியவங்க கையில குத்தும். செத்த இருங்க." ஏணி போட்டுப் பரணில் ஏறி, பின்னால் கிடந்த ஒரு நீளப் பெட்டியை இழுத்து இறக்கினார். கிளை ஒன்றை உருவி நீட்டினார். "கண்ணை மூடிக்கிட்டுத் தொட்டுப் பாருங்க."

அவள் கண்ணை மூடிக்கொண்டு தொட்டாள். மெத்தென்று இருந்தது. கண்ணைத் திறக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. தூசி விழுந்துவிட்டதோ என்று ஆஸிம் கேட்டார். "ஆமாங்க, தூசிதான்" என்றாள். அத்தனை சிரத்தையாக எடுத்துக் கொடுத்த மனிதரிடம் வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

ஆறடி மரம். பஸ்ஸில் பெட்டியை மடியோடு சாய்த்துப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தாள்.

வீட்டில் பெட்டியைப் பிரித்ததும்தான் சங்கடம் தெரிந்தது. தண்டை ஒருவர் நிமிர்த்திப் பிடித்தால்தான் இன்னொருவர் அடியில் திருகு முடுக்க முடியும். இரண்டு தடவை மரம் அவள் தோள்மேலேயே சாய்ந்தது. பக்கத்து வீட்டுப் பூவாத்தாளைப் போய்க் கூப்பிட்டாள். சத்தியமங்கலம் பக்கம் தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு மகன் வீட்டுக்கு வந்திருப்பவள்.

பூவாத்தாள் தண்டைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "ஏனம்மணி, சாவு உழுந்த வருசம் உங்க வழக்கத்துல இதெல்லாம் வெக்கலாமா?"

"வெக்கறதில்லீங்க."

"அப்பறம்?"

செவ்வந்தி தரையில் குனிந்து திருகை முடுக்கிக்கொண்டிருந்தாள். "வேலை முடிஞ்சு வந்து கதவைத் தொறந்தா, கூடத்துல நிக்கறதுக்கு ஒண்ணுமே இல்லீங்க."

பூவாத்தாள் கிளைகளெல்லாம் மாட்டி முடியும்வரை பிடித்த பிடியை விடாமல் நின்றாள்.

சீரியல் லைட்டைச் சுற்றி முடித்து, போட்டோ எடுத்துக் குடும்ப குரூப்பில் போட்டாள். உடனே ரூபன் கூப்பிட்டான்.

"யாரைக் கேட்டுக்கா வெச்சே?"

"இந்த ஊட்டுல கேக்கறதுக்கு யாருடா இருக்கறாங்க?"

போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு வளைந்திருந்த கிளை ஒன்றை நிமிர்த்தினாள்.

"தனியாவா தூக்கிட்டு வந்தே?" என்றான் ரூபன். குரல் இறங்கியிருந்தது.

"பஸ்ஸுலதான்."

"பொங்கலுக்கு வரப் பாக்கறேங்கா."

"வாரப்ப வா. பசங்களைக் கேட்டதாச் சொல்லு."

கிறிஸ்துமஸ் அன்று யாரும் வரவில்லை. ஆராதனை முடிந்து எல்லோரும் கைகுலுக்கிக்கொண்டபோது, துக்க வீட்டுக்காரி என்று அவளிடம் மட்டும் குரலைத் தாழ்த்தி விசாரித்தார்கள். வீட்டுக்கு வந்து ஒரு ஆளுக்குச் சோறு வடித்தாள். ஒரு முட்டையை வேகவைத்துக் குழம்பில் போட்டுக்கொண்டாள். சாப்பிட்டுவிட்டு மரத்துக்குப் பக்கத்தில் பாய் விரித்துப் படுத்தாள். பகல்தான் என்றாலும் மரத்து விளக்கை அணைக்கவில்லை.