பத்து நாள் சீட்டு

பாளையங்கோட்டைக்குக் கிழக்கே, தாமிரபரணிக் கரையில் உள்ள கிருபாபுரத்தில் அந்தக் காலத்தில் பியூலா என்ற பெயரில் மூன்று பேர் இருந்தார்கள். இது வாழைத்தோட்டத்து இஸ்ரவேலின் மகள் பியூலா. அந்த ஊரிலிருந்து ரயிலேறி வெளிச் சீமைக்கு வேலைக்குப் போன முதல் பெண் அவள்தான். பாளையங்கோட்டையில் ஆசிரியப் பயிற்சி முடித்து, இருபத்தோராம் வயதில் கோலார் தங்கவயலுக்குப் போனாள். அங்கே மிஷன் பள்ளிக்கூடத்தில், சுரங்கத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் நாற்பத்திரண்டு பேருக்கு முதல் வகுப்பு அவள் பொறுப்பு. மாதம் ஒரு கடிதம் தவறாமல் வரும். எல்லாக் கடிதமும் ‘தேவகிருபையால் சுகம்’ என்றே தொடங்கும்.

1912ஆம் வருஷம் வந்த கடிதங்களில் அவள் எழுதாமல் விட்ட விஷயம் ஒன்று இருந்தது. அக்டோபர் மாதத்திலிருந்து தங்கவயலில் பிளேக். வகுப்பில் நாற்பத்திரண்டு பேர் முப்பத்தொன்பது பேராகியிருந்தார்கள்.

டிசம்பர் 19, வியாழக்கிழமை காலை அவள் திருநெல்வேலி ஸ்டேஷனில் இறங்கினாள். அண்ணன் தேவதாசன் வண்டி கட்டிக்கொண்டு வந்திருந்தான். ஊர் எல்லையில் வண்டியை விட்டு இறங்கி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, ஈர வரப்பு வழியே வெறுங்காலோடு நடந்தாள். ஒன்றரை வருஷமாக அதற்குத்தான் ஏங்கியிருந்தாள். குதிகாலில் ஏதோ சுருக்கென்றது. பெரிதாக எண்ணவில்லை.

அவள் பையில் ஒரு பிளேக் சீட்டு இருந்தது. ஜோலார்பேட்டையில் பயணிகளை இறக்கி, நாக்கை நீட்டச் சொல்லி, கக்கத்தைத் தடவிப் பார்த்து, ஆளுக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். போய்ச் சேர்ந்த ஊரில் பத்து நாள் தொடர்ந்து கிராம முன்சீப் முன்னால் நிற்க வேண்டும். அவர் ஆளைப் பார்த்து நாளுக்கு ஒரு கையெழுத்துப் போட வேண்டும். உடம்பில் காய்ச்சலோ கட்டியோ கண்டால் தாலுகா கச்சேரிக்கு உடனே எழுத வேண்டும்.

மறுநாள் வெள்ளிக்கிழமை இஸ்ரவேல் மகளைக் கூட்டிக்கொண்டு முன்சீப் நமச்சிவாயம் பிள்ளை வீட்டுக்குப் போனார். பிள்ளை சீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார்.

“என்ன வே இஸ்ரவேல், கேடி கணக்கா தினம் வந்து ஆஜர் கொடுக்கணுமாக்கும் உம்ம மக?”

“சர்க்கார் உத்தரவு, பிள்ளைவாள்.”

“சர்க்காருக்குப் பண்டிகை கிடையாது போலுக்கு. ஏளா, நாக்க நீட்டு பாப்போம். என் நாக்கவிட நல்லா இருக்கு.” மைக்கூட்டை இழுத்து, பத்துக் கட்டத்திலும் ஒரே மூச்சில் கையெழுத்துப் போட்டார். “போ. போயி அம்மை கையால முறுக்குத் தின்னுட்டு நிம்மதியா இரு. எனக்கு ஒரு ஓலைப்பெட்டி நிறைய வரணும், பாத்துக்க. பண்டிகைக்கு என்னால ஆனது இதுதான்.”

இஸ்ரவேல் கைகூப்பினார். பியூலாவும் சிரித்தாள். அந்தப் பத்துக் கட்டமும் எதற்கென்று அந்த இடத்தில் அறிந்தவள் அவள் ஒருத்திதான். ‘வேண்டாம் ஐயா, தினமும் வருகிறேன்’ என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அவளுக்கும் வீட்டில் காலை நீட்டி உட்கார வேண்டுமென்ற ஆசைதான் பெரிதாக இருந்தது.

வீட்டில் பண்டிகை களைகட்டியிருந்தது. சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தாயிற்று. அம்மை ஞானப்பூ முந்திரிக்கொத்துக்குப் பயறு வறுத்துக்கொண்டிருந்தாள். மதினி சாலோமி மாவு பிசைந்தாள். அவளுடைய எட்டு மாதக் குழந்தை எஸ்தர் பியூலாவின் மடியை விட்டு இறங்கவில்லை. சனியும் ஞாயிறும் அப்படிப் போயின. இதற்குமேல் என்ன வேண்டும் என்று பியூலா நினைத்தாள்.

திங்கட்கிழமை காலை ஆற்றில் குளித்துவிட்டு ஈரச்சேலையை மாற்றும்போது அவள் கை இடது தொடைச்சந்தில் பட்டது. அங்கே கொட்டைப்பாக்கு அளவில் ஒரு கட்டி. தொட்டால் வலித்தது.

பியூலா படித்துறையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பக்கத்தில் துணி துவைத்தவர்கள் பேசுவது காதில் விழுந்தது, என்ன பேசுகிறார்கள் என்று மட்டும் தெரியவில்லை. தங்கவயலில் அந்த மூன்று பிள்ளைகளுக்கும் இதே இடத்தில்தான் வந்தது. முதல் நாள் கட்டி, இரண்டாம் நாள் காய்ச்சல், நாலாம் நாள் யாரும் இல்லை.

வீட்டுக்கு நடந்து வரும்போதே நாட்களை எண்ணினாள். கோலாரை விட்டு ஏழாவது நாள். பிளேக் வெளிப்பட அது சரியான கெடுதான். வெளியே சொன்னால் ஊருக்கு அப்பால் கொட்டகை போட்டு வீட்டோடு அத்தனை பேரையும் அடைப்பார்கள். ஓட்டைப் பிரித்து வீட்டை வெயிலில் விடுவார்கள். பார்க்காமலே கையெழுத்துப் போட்ட முன்சீப்புக்கு வேலை போகும். சொல்லாமல் இருந்தால் எஸ்தர் மறுபடியும் அவள் மடியில் ஏறுவாள்.

அன்று குழந்தை தவழ்ந்து வந்தபோது பியூலா எழுந்து கொல்லைக்குப் போய்விட்டாள். தன் தட்டைத் தானே கழுவித் தனியாகக் கவிழ்த்து வைத்தாள். பாயை மாட்டுத்தொழுவத்துப் பக்கம் போட்டுக்கொண்டாள்.

சாலோமி பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “பிள்ள மூக்கு ஒழுகுதுன்னு டீச்சரம்மாவுக்கு அருவருப்பு வந்துட்டு போல. கோலார்ல பிள்ளையளுக்கு மூக்கே கிடையாதோ என்னமோ.”

“தலைவலி மதினி.”

“ரெண்டு நாளா மடியிலயே வச்சிருந்தப்ப இல்லாத தலைவலி.”

அந்த இரண்டு நாளைத்தான் பியூலாவும் நினைத்துக்கொண்டிருந்தாள். மணிக்கொரு தரம் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். நெற்றியும் கையும் ஒரே சூடாக இருந்தன. காய்ச்சல் உண்டா இல்லையா என்று தனக்குத் தானே கண்டுபிடிக்க முடியாது என்பது அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது.

கிருபாபுரத்தில் ஒரு வழக்கம் உண்டு. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மத்தியானம் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பெட்டி அரிசியை நடுவில் வைத்துச் சுற்றி உட்காருவார்கள். மூத்தவர் முதல் கைக்குழந்தை வரை எல்லோரும் பெட்டிக்குள் கைவிட்டு ஒரு பிடி அள்ளி, அந்த வருஷத்தில் கிடைத்த ஒரு நன்மையைச் சொல்லி, கோவில் சாக்கில் போட வேண்டும். சாக்கு ஏழைகளுக்குப் போகும். பெட்டியில் மிஞ்சிய அரிசியில்தான் மறுநாள் வீட்டுக்குப் பண்டிகைச் சோறு.

செவ்வாய்க்கிழமை இஸ்ரவேல் தொடங்கினார். ஆற்றுவெள்ளம் தோட்டத்துக்குள் ஏறாததற்கு ஸ்தோத்திரம் சொன்னார். அம்மை, மகள் சுகமாக வந்து சேர்ந்ததற்கு. தேவதாசன், தங்கைக்கு எட்டு ரூபாய் சம்பளம் உயர்ந்ததற்கு. சாலோமி குழந்தையின் கையைப் பிடித்து அரிசியில் விட்டாள். எஸ்தர் ஒரு மணியை வாயில் போட்டுக்கொண்டது. எல்லோரும் சிரித்தார்கள்.

“இனி நீ, தாயி,” என்றார் இஸ்ரவேல்.

பியூலாவின் கை மடியை விட்டு எழவில்லை. அவள் கை பட்ட அரிசியைத்தான் நாளைக்கு ஊர் ஏழைகளும் இந்த வீட்டாரும் உண்ணப்போகிறார்கள்.

“நான் அதுல கை வைக்க மாட்டேன் ஐயா. யாரும் என் பக்கத்துல வராதீங்க. எனக்குத் தொடையில கட்டி வந்திருக்கு. கோலார்ல பிளேக்கு.”

சாலோமி குழந்தையைத் தூக்கிக்கொண்டு சுவரோரம் போய் நின்றாள். அதற்கு யாரும் அவளைக் குறை சொல்ல முடியாது. அம்மை மட்டும் எழுந்து நேரே மகளிடம் வந்தாள்.

“வராத அம்மா.”

“சும்மா கிட. எந்தப் பக்கம்? இடதா? இடது காலக் காட்டு.” பாதத்தைத் திருப்பி விளக்குமாற்றுக் குச்சியால் குதிகாலை அழுத்தினாள். சீழ் வந்தது. “இந்தா பாரு, உடைமரத்து முள்ளு. உள்ள பழுத்துக் கிடக்கு. நெறி கட்டாம என்ன செய்யும்? செருப்பு இருந்தும் வெறுங்கால்ல நடக்கணுமாக்கும்.”

தேவதாசனுக்கு உயிர் வந்தது. “ஏளா, ஒரு முள்ளுக்கா இந்தப் பாடு படுத்துன? எந்திரி, அரிசியப் போடு.”

இஸ்ரவேல்கூடச் சிரித்துவிட்டார். பியூலாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

“அங்கன என் வகுப்புல எல்லம்மான்னு ஒரு பிள்ள,” என்றாள். “அதுக்கும் கால்ல புண்ணு இருந்துச்சு. கட்டி வந்ததும் அவங்க அம்மாவும் இதையேதான் சொன்னா. புண்ணால நெறி கட்டிருக்கு டீச்சர், ரெண்டு நாள்ல வடிஞ்சிரும்னா. நானும் சரின்னு பள்ளிக்கூடத்துல உட்கார வச்சேன். பக்கத்துல இருந்த ரெண்டு பிள்ளையளும் போச்சு.”

குழந்தை அரிசிப் பெட்டியைக் காட்டி முனகியது.

“இது முள்ளாவும் இருக்கலாம், அதுவாவும் இருக்கலாம். வந்த நாளையும் சேர்த்துப் பத்து நாள் சனிக்கிழமையோட முடியுது. அதுவரைக்கும் தோட்டத்துக் குடிசையில இருக்கேன். முன்சீப்புகிட்ட நானே சொல்லுதேன்.”

நமச்சிவாயம் பிள்ளை தம் வீட்டு வாசலில் முறுக்கு கடித்துக்கொண்டிருந்தார். பியூலா தெருவிலேயே இருபதடி தள்ளி நின்று விஷயத்தைச் சொன்னாள். அவர் கையிலிருந்த முறுக்கு பெட்டிக்குள் திரும்பிப் போனது. “பத்தையும் போட்டுட்டேனே தாயி,” என்றார். அவருக்கு நாலு பெண்பிள்ளைகள்.

“அதான் வந்தேன், ஐயா. நீங்க போட்ட நாளெல்லாம் நான் இன்னும் தாண்டல.”

பிள்ளை அன்றே தாலுகா கச்சேரிக்கு எழுதினார். முன்கூட்டிக் கையெழுத்துப் போட்டதையும் மறைக்காமல் எழுதினார். ஆஸ்பத்திரியில் புண்ணுக்கு மருந்து கட்டும் டிரெஸர் வேதநாயகத்துக்கும் ஆள் அனுப்பினார். பண்டிகை விடுமுறை, டிரெஸர் வெள்ளிக்கிழமைதான் வருவார் என்று பதில் வந்தது.

கிறிஸ்துமஸ் அன்று கோவில் முடிந்ததும் வீட்டார் பாய்களைச் சுருட்டிக்கொண்டு தோட்டத்துக்கு வந்தார்கள். குடிசைக்கு முப்பது அடி தள்ளி, வாழைகளுக்கு நடுவே உட்கார்ந்தார்கள். அம்மை பியூலாவின் சோற்றைப் பாதி தூரத்தில் வைத்துவிட்டுத் திரும்பினாள். கோழிக்குழம்பு நன்றாக இருக்கிறதா என்று இஸ்ரவேல் சத்தமாகக் கேட்டார். உப்புக் குறைச்சல் என்று பியூலா சத்தமாகப் பதில் சொன்னாள்.

“கேட்டியளா,” என்றாள் சாலோமி, எல்லோருக்கும் கேட்கும்படி. “சாகப்போறேன்னு வந்து உட்கார்ந்திருக்கவளுக்கு உப்பு குறைச்சல் தெரியுது. அப்ப ஒண்ணும் ஆகாது.” சொன்னவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

முன்சீப் தினம் காலை ஏழு மணிக்கு வந்து வேலியோரம் நின்று பார்த்துவிட்டுப் போனார். “நான் தூங்கி ரெண்டு நாளாச்சு,” என்று ஒரு நாள் சொன்னார். “எண்ணாமலே தொழுவுல பத்து மாடுன்னு எழுதிட்டு வந்தவன் எப்படித் தூங்குவான்.”

வியாழக்கிழமை சாயங்காலம் பியூலாவுக்குக் குளிர் எடுத்தது. இந்தத் தடவை கையை வைத்துப் பார்க்கத் தேவையில்லை. பல் கிட்டியது. கட்டி முட்டையளவு பெருத்துவிட்டதாகத் தோன்றியது. தொட்டுப் பார்க்கத் துணிவில்லை. அண்ணனைக் கூப்பிட்டாள். தேவதாசன் வாழைமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“அண்ணே, எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாரும் தொட்டுத் தூக்க வேண்டாம். குடிசையோட கொளுத்திருங்க. அம்மா ஓடி வருவா. நீங்க பிடிச்சுக்கிடணும்.”

“சரி,” என்றான் தேவதாசன். அம்மை அன்று வீட்டுக்குப் போகவில்லை. சோறு வைக்கும் பாதி தூரத்திலேயே சாக்கை விரித்து உட்கார்ந்துவிட்டாள். யார் கூப்பிட்டும் எழவில்லை.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு வேதநாயகம் வந்தார். காய்ச்சல் பார்க்கும் கண்ணாடிக் குழாயை நாக்கடியில் வைத்தார். நூற்றொன்று. தொடைச்சந்தை விரலால் நிதானமாக உருட்டிப் பார்த்தார். பிறகு காலை மடியில் எடுத்து வைத்துக் குதிகாலைக் கீறினார். கறுத்த முள் ஒன்று, அரை விரல்கடை நீளம், சீழோடு வெளியே வந்தது.

“இதுதான்னு நினைக்கேன்,” என்றார்.

“நினைக்கியளா, இல்ல நிச்சயமா, சார்?”

வேதநாயகம் கத்தியைத் துடைத்து வைத்தார். “நிச்சயம் இல்ல. நாளைக்குக் காய்ச்சல் விட்டா நிச்சயம். அதுவரைக்கும் இங்கனயே இரு. நீ செஞ்சதுதான் சரி.”

சனிக்கிழமை விடிந்தபோது பியூலாவின் சேலை வேர்வையில் நனைந்திருந்தது. காய்ச்சல் விட்டிருந்தது. கட்டியைத் தொட்டாள். சுண்டைக்காய் அளவாகச் சுருங்கி, விரலுக்கு நழுவியது. மறுபடியும் தொட்டாள். பிறகு கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு, டிரெஸர் வரும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அவர் வந்து பார்த்து, போகலாம் என்றார். முன்சீப் வேலியைத் தாண்டி முதல் முறையாகக் குடிசைக்குள் வந்தார். சும்மா வந்து நின்றுவிட்டுப் போனார். அவருக்கு மார்ச் மாதம் ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்ததோடு சரி.

ரயில் வியாழக்கிழமைதான். விடுமுறையில் முழுசாக நாலு நாள் மிச்சமிருந்தது. அந்த நாலு நாளும் பியூலா ஒரு வேலையும் செய்யவில்லை. பதம் போன முந்திரிக்கொத்தைத் தின்றாள். வெயிலில் உட்கார்ந்தாள். ஆறு போகும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே பகலிலும் தூங்கினாள்.

“டீச்சரம்மா,” என்றாள் சாலோமி அடுப்படியிலிருந்து. “எந்திரிச்சு இந்த உள்ளியயாவது உரிக்கலாம்லா.”

“நாளைக்கு உரிக்கேன், மதினி,” என்று சொல்லிவிட்டு பியூலா மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.