சீம்பாலும் கம்பவுண்டரும்

அறுபதுகளில் காரைக்குடிப் பக்கம் எங்கள் ஊருக்கு மாட்டாஸ்பத்திரிக் கம்பவுண்டர் ஒருவர் சைக்கிளில் வருவார். ஒல்லி உடம்பு, ஓயாத இருமல். எந்தத் தொழுவுக்குள் நுழைந்தாலும் முதலில் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவுவார்.

எங்கள் பசு கன்று போட்டிருந்தது. இளங்கொடி, அதாவது நஞ்சுக்கொடி, விழும்முன் ஊட்ட விடக் கூடாது என்று என் மாமியார் கன்றைக் கட்டிவைத்திருந்தார். அப்படிக் காத்திருந்துதான் முந்தைய இரண்டு கன்றுகளும் கழிச்சலில் போயிருந்தன.

“கொடி பெறகு விழட்டும் ஆத்தா. நோயத் தடுக்குற சத்து சீம்பால்லதான் இருக்கு. அத வாங்கிக்கிற கதவு கன்னு குடல்ல ஒரு நாளைக்குத்தான் தெறந்திருக்கும்,” என்று சொல்லிக் கம்பவுண்டர் கன்றை அவிழ்த்துவிட்டார். அது முட்டி முட்டிக் குடித்தது. கொடியும் தானாக விழுந்தது.

மறுநாள் மாமியார் கருப்பட்டி போட்டுக் கிண்டிய சீம்பாலை அவரிடம் நீட்டினார். “இருமிக்கிட்டே இருக்கீகளே, சாப்பிடுங்க. ஒங்களுக்கும் நோய் அண்டாது.”

“எனக்கு அந்தக் கதவு மூடி அம்பது வருசமாச்சு ஆத்தா. இருந்த சத்தும் வயசோட தேஞ்சுபோச்சு,” என்றவர், கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டுவிட்டு இன்னும் அரைக் கிண்ணம் கேட்டார்.