இடைவேளைக்கு முன்னால் விழுந்த அறை

எங்கள் தியேட்டரில் சீட் காட்டும் டார்ச்சக்காவிடம் அடி வாங்காத ஆம்பளை குறைவு. இருட்டில் பெண்கள் பக்கம் காலை நீட்டுகிறவன், பிளேடால் சீட்டைக் கிழிக்கிறவன், எவனாக இருந்தாலும் அந்த இரும்பு டார்ச்சால் முட்டியில் ஒன்று வைப்பாள். டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்திருக்கும் எனக்கே அவளிடம் பயம்தான். அவளுக்கு இடது காது கேட்காது. அந்தப் பக்கம் நின்று பேசினால் திட்டு விழும்.

அந்தக் காதைக் கெடுத்தது ஒரு சினிமா. ஊரே தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடிய பழைய படம். லாரி டிரைவர் ஹீரோ, திமிர் பிடித்த முதலாளி மகளை இடைவேளைக்கு முன்னால் ஓங்கி ஓர் அறை விடுவான். விசில் பறக்கும். இடைவேளை முடிந்ததும் அவள் அவனை நினைத்து உருகிப் பாட ஆரம்பித்துவிடுவாள். அந்தப் படம் வந்த வாரம், அக்காவின் புருஷன் அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தான். சாப்பாடு ஆறிக் கிடக்கிறதென்று அதே மாதிரி கையை வீசினான். சினிமாவில் படாமல் அடிப்பார்கள் என்று அந்த மடையனுக்குத் தெரியவில்லை. காதிலிருந்து ரத்தம் வழிந்து கழுத்தெல்லாம் நனைந்தது. பாட்டு ஒன்றும் வரவில்லை.

அவன் குடித்தே செத்தான். அதன்பின் அக்கா இங்கே வேலைக்குச் சேர்ந்தாள். அந்தப் படத்தை வருஷா வருஷம் மறுபடி போடுவோம், கூட்டம் அம்மும். அந்த அறை வரும்போது மட்டும் அவள் வெளியே போய் கக்கூஸ் வாசலில் நிற்பாள்.

இந்த வருஷம் அதே கதையைப் பெண்ணை வைத்து எடுத்தார்கள். லாரி ஓட்டுகிறவள் பெண், அறை வாங்குகிறவன் முதலாளி மகன். அறை வாங்கிய பிறகு அவன்தான் அவளை நினைத்து உருகுகிறான். போஸ்டர் ஒட்டிய அன்றே தார் பூசிவிட்டார்கள்.

“அடிச்சவளையே எவனாவது காதலிப்பானாக்கா? காதுல பூ சுத்துறானுங்க,” என்றார் கேன்டீன்காரர்.

“இத்தனை வருஷமா அந்தப் பொண்ணு காதலிச்சாளே, அப்ப உன் காதுல என்ன வச்சிருந்த?”

படம் சுமார்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். பாட்டு ஒன்றுகூட தேறாது. ஆனால் அதை யார் பழித்தாலும் அக்கா பாய்ந்தாள். காலி சீட்டுகளைப் பார்த்து தியேட்டர் முதலாளி படத்தைத் தூக்கப் பார்த்தபோது, “ஞாயித்துக்கிழமை வரைக்கும் ஓட்டுங்க முதலாளி, எம்பொண்ணு பாக்கணும்,” என்று கெஞ்சினாள். அவள் கெஞ்சி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

மகள் வாயும் தாடையும் வீங்கி அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். முன்பு இரண்டு தடவை இப்படி வந்தபோதும் அக்காவேதான் புருஷனிடம் திருப்பி அனுப்பினாள். தன் அண்ணன் தனக்குச் சொல்லிக் கொடுத்ததையே மகளுக்கும் சொன்னாள்: அடிக்கிற கைதான் அணைக்கும். இந்தத் தடவை அந்த வார்த்தை அவள் வாயில் வரவில்லை. போகாதே என்ற வார்த்தையும் வரவில்லை. திங்கட்கிழமை மாப்பிள்ளை வந்து அழைத்துப் போவார் என்று அண்ணன் முடிவு கட்டிவிட்டார்.

மாப்பிள்ளைதான் பழைய ஹீரோவின் ரசிகர் கூட்டத்துக்குத் தலைவர். ஞாயிறு மேட்னிக்கு ஆட்களோடு வந்து டிக்கெட் வாங்கினார். நான்தான் கிழித்துக் கொடுத்தேன். இடுப்பில் பாட்டில் செருகியிருப்பது எனக்கெங்கே தெரியும்?

கண்ணாடி உடையும் சத்தம் கேட்டு உள்ளே ஓடினேன். திரையில் அறை விழுந்ததும் அங்கே பாட்டில் பறந்திருந்தது. சீட்டுப் பலகைகளைப் பிய்த்து வீசினார்கள். முன்வரிசையில் ஒருவர் நெற்றி பிளந்து உட்கார்ந்திருந்தார். ஆபரேட்டர் மெஷினை நிறுத்தாமலே ஓட்டம் பிடித்துவிட்டான். கிழிந்த திரையில் படம் பாட்டுக்கு ஓடியது. முதலாளி மகன் மலைச்சரிவில் நின்று அவளுக்காக உருக ஆரம்பித்திருந்தான்.

அந்த வெளிச்சத்தில் மாப்பிள்ளை தன் பெண்டாட்டியைப் பார்த்துவிட்டார்.

“நீயும் இதைப் பாக்க வந்தியாடி?”

முடியைப் பிடித்து வரிசைக்கு மேலாகவே இழுத்தார். அவள் முழங்கால் இரும்பில் உரசித் தோல் கிழிந்தது. கீழே போட்டு வாயிலேயே அறைந்தார். ஏற்கெனவே வீங்கியிருந்த வாய். மறுபடி கையை ஓங்கினார், இறங்கவில்லை. அக்காவின் டார்ச் மணிக்கட்டில் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் பாட்டையும் மீறிக் கேட்டது. அடுத்தது தோள்பட்டையில். மாப்பிள்ளை மாடு மாதிரி அலறினார்.

நாலு பேர் அக்கா மேல் பாய்ந்தார்கள். ஒருத்தன் பலகையால் மண்டையில் போட்டான். இன்னொருத்தன் பூட்ஸ் காலால் வாயில் உதைத்தான், முன்பல் இரண்டும் போயின. விழுந்த பிறகும் அவள் டார்ச்சை விடவில்லை, எட்டிய முட்டியையெல்லாம் உடைத்தாள். நானும் சும்மா இல்லை. ஒருத்தன் முதுகில் தொற்றிக் காதைக் கடித்தேன். ரத்தம் உப்புக் கரித்தது. சொன்னால் வெட்கம், எனக்கு அது பிடித்திருந்தது. போலீஸ் விசில் கேட்ட பிறகுதான் கலைந்தார்கள்.

முதலாளி அன்று சாயங்காலமே படத்தைத் தூக்கிவிட்டார்.

அடிபட்ட எல்லாரையும் ஒரே ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோனார்கள். மாவுக்கட்டுக்காக மாப்பிள்ளை வராந்தா பெஞ்சில் காத்திருந்தார், எதிர் பெஞ்சில் அக்கா, மகள், நான். அக்காவின் அண்ணன் வந்தார். தங்கச்சி தலையில் போட்டிருந்த தையலைப் பார்த்துவிட்டு, மாப்பிள்ளைக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

“நடந்தது நடந்துபோச்சும்மா. கட்டினவனுக்கு இல்லாத உரிமையா? அடிக்கிற கைதான் அணைக்கும். நாளைக்கு அவளைக் கிளப்பி அனுப்பு.”

மகள் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா எழுந்து மாப்பிள்ளை முன்னால் போய் நின்றாள். அவர் பெஞ்சோடு ஒடுங்கினார். பல் போன வாயில் வார்த்தை குழறினாலும் மரியாதையாகத்தான் கேட்டாள்.

“மாப்பிள்ளை, நான் உங்களை அடிச்சேனே. எம்மேல பாசம் வருதா?”

அவர் அண்ணனைப் பார்த்தார்.

“கூச்சப்படாம சொல்லுங்க. கொஞ்சமாவது வருதா?”

வலியில் அவருக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. “கைய ஒடிச்சவங்க மேல எப்படி அத்தே பாசம் வரும்?”

“கேட்டுக்கிட்டீங்களாண்ணே?” என்றாள் அக்கா. “எம்பொண்ணுக்கும் வரல. எனக்கும் ஒருநாளும் வந்ததில்ல.”